நள்ளிரவு ‘சின்ன டாக்டர்’களுக்கு யார் தருவது தங்க மெடல்?

மணி இரவு 2.

சென்ட்ரல் ரெயில் நிலையத்தில் கூட்டம் அடங்கி விட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒன்றிரண்டு ஆட்டோக்கள்தான் ஓடுகின்றன. ஆனால், எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் விளக்கு அணைவதே இல்லை.

சைரன் அலற ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே நுழைகிறது. ஸ்டிரெச்சரில் ஒரு பெரியவர். பேச்சு இல்லை. உடம்பெல்லாம் வியர்வை. கூட வந்த மனைவி தலையில் அடித்துக் கொள்கிறார். மகன், “டாக்டர் எங்கே? டாக்டர் எங்கே?” என்று கத்துகிறான்.

கசங்கிய வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கண்ணில் தூக்கக் கலக்கம். இப்படி ஒருவர் ஓடி வருகிறார். வயது 23 அல்லது 24 இருக்கும். மீசைகூட சரியாக முளைக்கவில்லை.

“இவரா டாக்டர்? பெரிய டாக்டர் யாரும் இல்லையா?”

ஜி.எச்.சில் மட்டும் அல்ல. டாக்டர் படிப்பு நடக்கும் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் எந்த இரவிலும் இதே காட்சிதான். இதே கேள்விதான்!

யார் இந்த ‘சின்ன டாக்டர்’?

எம்.பி.பி.எஸ். படிப்பு மொத்தம் ஐந்தரை ஆண்டு. அதில் நாலரை ஆண்டு பாடம், பரீட்சை. எல்லாம் பாஸ் செய்த பிறகும் கையில் முழுப் பட்டம் வந்து விடாது. கடைசி ஓர் ஆண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்து வேலை பழக வேண்டும். இவர்களைத்தான் ‘ஹவுஸ் சர்ஜன்’ என்கிறார்கள். நோயாளிகள் வாயில் ‘சின்ன டாக்டர்’. பெண்ணாக இருந்தால் ‘சின்ன டாக்டரம்மா’.

‘ஹவுஸ்’ என்று சும்மா பெயர் வைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிதான் இவர்களுக்கு வீடு. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயேதான். இப்போதும் டியூட்டி நாளில் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மெடிசின், சர்ஜரி, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, எலும்பு, கண், காது–மூக்கு–தொண்டை, அவசர சிகிச்சை என்று ஒவ்வோர் இடமாகச் சுற்றி வர வேண்டும். ரத்தம் எடுப்பது இவர்கள். டிரிப்ஸ் ஏற்றுவது இவர்கள். கேஸ் ஷீட் எழுதுவது இவர்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவதும், எக்ஸ்ரே எங்கே என்று தேடி ஓடுவதும் இவர்களே!

காலையில் ‘ரவுண்ட்ஸ்’ வரும் பெரிய டாக்டர், “ராத்திரி எப்படி இருந்தார்?” என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவரும் இவர்தான். ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் இருந்தவர் வேறு யார்?

மெடல் யாருக்கு?

பட்டமளிப்பு விழா மேடையில் தங்க மெடல் பளபளக்கிறது. தமிழ்நாட்டு டாக்டர்களுக்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்து வந்தது. 1980-களின் கடைசியில் இருந்து டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. பாடத்துக்குப் பாடம் மெடல். முதல் மார்க் வாங்கியவருக்குக் கைதட்டல்.

அது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. படிக்காத டாக்டரிடம் யார் போவார்கள்?

ஆனால், பரீட்சை ஹாலில் நோயாளி அலறுவது இல்லை. பின்னிரவில் நர்சம்மா வந்து எழுப்புவது இல்லை. “தெரியாது” என்று எழுதினால் அங்கே மார்க் போய்விடும். வார்டிலோ, “எனக்குத் தெரியவில்லை சார், உடனே வந்து பாருங்கள்” என்று நேரத்தோடு பெரியவரைக் கூப்பிடத் தெரிந்தவர்தான் நல்ல டாக்டர்! கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால், போவது மார்க் அல்ல, ஓர் உயிர்.

சர்க்கரை நோயாளி அசந்து தூங்குகிறார் என்று வீட்டார் நினைத்துக் கொண்டிருப்பார்கள். “எழுப்பிப் பார்த்தீங்களாம்மா?” என்று கேட்டு, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பார் ஒரு கெட்டிக்கார சின்ன டாக்டர். சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி இருக்கும்! நரம்பில் குளுக்கோஸ் ஏறும். சில நிமிடங்களில் நோயாளி கண் விழித்து, “ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?” என்பார்.

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் மெடல்?

கோஷா ஆஸ்பத்திரி கதை

மார்க்கும் வேண்டும், மனசும் வேண்டும் என்பதற்கு சென்னையிலேயே சாட்சி இருக்கிறது.

ஜி.எச். பக்கத்தில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1835-ல் பள்ளியாகத் தொடங்கியது. 1850-ல் கல்லூரி ஆயிற்று. 1875-ல் அங்கே நாலு பெண்கள் படிக்க வந்தார்கள். அதில் ஒருவர் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. சென்னையில் வக்கீலாக இருந்த ஒருவரின் மனைவி. பெண்கள் டாக்டருக்குப் படிப்பதா என்று இங்கிலாந்திலேயே சண்டை நடந்த காலம் அது!

பிரசவ நேரத்தில் ஆண் டாக்டரிடம் போக மறுத்து, இந்தியப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துப் போவதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் படிக்க வந்தார். 1878-ல் தேறினார். பிறகு லண்டன் போய் 1882-ல் பட்டம் பெற்றார். பிரசவ மருத்துவத்தில் தங்க மெடல்!

மெடலை அலமாரியில் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. திரும்பி வந்தார். கோஷா முறையில் இருந்த பெண்களுக்காக 1885-ல் தனி ஆஸ்பத்திரி உருவாகக் காரணமாக இருந்தார். அதுதான் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள்.

புதுக்கோட்டைப் பெண்

அதே கல்லூரிக்கு 1907-ல் புதுக்கோட்டையில் இருந்து ஒரு பெண் வந்தார். பையன்கள் படிக்கும் கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியபோது, புதுக்கோட்டை மன்னரே அனுமதி கொடுத்துப் படிக்க வைத்த பெண் அவர்.

பெயர்: முத்துலட்சுமி.

1912-ல் டாக்டர் பட்டம் பெற்றபோது பரிசுகளும் தங்க மெடல்களும் குவிந்தன. அதைவிடப் பெரிய மரியாதை அடுத்து வந்தது. சென்னை அரசு மகப்பேறு – கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஹவுஸ் சர்ஜன் வேலை கிடைத்தது. அங்கே அந்த வேலை பார்த்த முதல் பெண் அவர்தான்! மெடல் கழுத்தோடு நின்றது. வேலைதான் வார்டுக்குள் கொண்டு போய் விட்டது.

1923-ல் அவருடைய தங்கை புற்று நோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவரை விடவில்லை. 30 ஆண்டுக்கு மேல் போராடி, 1954-ல் அடையாறில் புற்று நோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். முதலில் அங்கே இருந்தவை 12 படுக்கைகள்தான்.

மறு ஆண்டு, 1955-ல், அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஓர் இளம் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர். வளாகத்திலேயே குடியிருந்து, ஆயுள் முழுக்க அங்கேயே வேலை பார்த்தார். அவர்தான் டாக்டர் சாந்தா! 2005-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2021-ல் காலமானார். விருது வரும்போது அவருக்கு வயது 78. ஆனால், அவரை நம்பி வார்டை ஒப்படைத்தபோது வயது 28 தான்!

இளம் டாக்டரை நேரத்தோடு அடையாளம் கண்டு பொறுப்பு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நர்சுகளின் ஓட்டு!

இந்தியாவில் பெரிய டாக்டர்களுக்கு விருது இருக்கிறது. பி.சி.ராய் பெயரில் விருது. அவர் பிறந்த, மறைந்த நாளான ஜூலை 1-ந் தேதி 1991 முதல் டாக்டர்கள் தினம். எல்லாம் சரிதான். சின்ன டாக்டருக்கு?

சில மருத்துவக் கல்லூரிகளில் ‘சிறந்த ஹவுஸ் சர்ஜன்’ என்று பரிசு தருகிறார்கள். அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகளில் இதற்கு ஓட்டெடுப்பே நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை சிறந்த பயிற்சி டாக்டரைத் தேர்ந்தெடுக்க நர்சுகளும், மாணவர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். ஆர்னால்டு கோல்டு என்ற குழந்தைகள் டாக்டரின் பெயரில் உள்ள அறக்கட்டளை, நோயாளியிடம் பரிவோடு நடந்து, மாணவர்களுக்கும் அக்கறையாகச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கு விருது தருகிறது. பேராசிரியர் இருக்கும்போது மட்டும் சுறுசுறுப்பாக இருப்பவர் யார், அவர் போன பிறகும் படுக்கை அருகே நிற்பவர் யார் என்பது கீழே உள்ளவர்களுக்குத்தானே தெரியும்!

நம் வார்டுகளிலும் அப்படியே. எந்த சின்ன டாக்டர் கூப்பிட்டதும் எழுந்து வருவார், யார் முகம் சுளிப்பார், யார் குழந்தைக்கு ஊசி போடும் முன் ஊசியை மறைத்து வைத்துக் கொண்டு கதை சொல்வார் என்று நைட் டியூட்டி நர்சைக் கேட்டால் புட்டுப் புட்டு வைத்து விடுவார். ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

மெடலுக்கு முன்னே ஒரு பூட்டு

பாராட்டு என்றால் மாலை, மேடை மட்டும் அல்ல. அதைக் கொல்கத்தா சம்பவம் நாட்டுக்கே முகத்தில் அடித்தாற்போல் சொன்னது.

2024 ஆகஸ்டு 9-ந் தேதி. கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில், மேல்படிப்புப் பயிற்சியில் இருந்த ஒரு பெண் டாக்டர் பிணமாகக் கிடந்தார். நீண்ட நேர டியூட்டிக்கு இடையே, கண் அயர்வதற்காகக் கருத்தரங்கு அறைக்குப் போனவர் அவர். அங்கே கற்பழித்துக் கொலை செய்யப்பட்டார். நாடு கொதித்தது. பயிற்சி டாக்டர்கள் வீதிக்கு வந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்து, டாக்டர்களின் பாதுகாப்புக்காகத் தேசிய அளவில் ஒரு குழுவை அமைத்தது. குற்றவாளிக்கு 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஊர் உயிரைக் காக்கும் பெண்ணுக்கு, ராத்திரி ஒரு மணி நேரம் பயமில்லாமல் தலை சாய்க்க இடம் இல்லை! படுக்க ஓர் அறை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, வெளிச்சமான வராந்தா, தொடர்ந்து கண் விழிக்காமல் இருக்க ஒரு மாற்று ஆள். முதலில் தர வேண்டிய மெடல் இதுதான்.

பேரைக் கேளுங்கள்!

குணமாகி வீட்டுக்குப் போகும்போது நோயாளி கையில் டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கும். அதில் யூனிட் தலைமை டாக்டரின் பெயர் இருக்கும். ராத்திரி மூன்று முறை வந்து நாடி பார்த்த சின்ன டாக்டரின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. அடுத்த மாதம் ‘ஓ.பி.’க்கு வந்து விசாரித்தால், அவர் வேறு வார்டுக்குப் போயிருப்பார்.

ஜி.எச். வாசலில் டாக்டர் ரங்காச்சாரி சிலையாக நிற்கிறார். 1934-ல் மறைந்தவர். பரீட்சையில் அவர் எத்தனை மார்க் வாங்கினார் என்று அந்த வழியே பஸ்சில் போகும் யாருக்கும் தெரியாது. ஏழையிடம் காசு கேட்காத கைராசி டாக்டர் என்றுதான் ஊர் அவரை நினைவில் வைத்தது. அவரும் ஒரு காலத்தில் இதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து வந்த சின்னப் பையன்தான்!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30-ந் தேதியை ‘மருத்துவமனை தினம்’ என்று தமிழக அரசு 2019-ல் அறிவித்தது. ஹவுஸ் சர்ஜனாகத் தொடங்கிய ஒருவரின் பிறந்த நாள். அன்றைக்கு ஒவ்வொரு பயிற்சி ஆஸ்பத்திரியிலும் நர்சுகளையும், ஆயாக்களையும், நோயாளிகளையும் கேட்டு ஒரு சின்ன டாக்டரை மேடையேற்றினால் சர்க்காருக்குப் பெரிய செலவு ஆகிவிடாது.

அதுவரை நோயாளியின் வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வார்டை விட்டுப் புறப்படும் முன், “தம்பி, உன் பேர் என்னப்பா?” என்று கேட்கலாம்.

இரவெல்லாம் கண் விழித்த முகத்தில் அப்போது வரும் சிரிப்பு இருக்கிறதே... அதற்கு எந்தத் தங்கமும் ஈடாகாது!