படம் எடுத்தது மனைவி, பெயர் கணவருக்கு!



குழுவுக்கு வங்கியில் கணக்கு தொடங்க நாம எல்லாரும் ஸ்டுடியோவுக்குப் போய் போட்டோ எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? கேமராவுக்குப் பின்னால் நின்னது பெரும்பாலும் ஆணாகத்தான் இருந்திருப்பார். ஆனால் 80 வருஷத்துக்கும் முன்னாலேயே ஒரு பெண் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். அவர்தான் ஹோமாய் வியாரவாலா. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர்.

1913-ல் குஜராத் மாநிலம் நவ்சாரியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய் நாடகம் நடிப்பவர். ஹோமாய் பம்பாயில் ஓவியப் பள்ளியில் படித்தார். மானெக்‌ஷா என்பவரிடம் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டு, பிறகு அவரையே மணந்தார். ஆரம்பத்தில் பத்திரிகையில் ஒரு படத்துக்குக் கிடைத்தது ஒரு ரூபாய்தான்.

இவர் எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்தன. ஆனால் யார் பெயரில் தெரியுமா? கணவர் பெயரில்! ஹோமாய் புதியவர், அதிலும் பெண் என்பதால் அப்படி.

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது லேசான வேலை இல்லை. இப்போ செல்போனில் பத்துப் படம் எடுத்து, நல்லா இல்லாததை அழித்துவிடுகிறோம். அப்போ கேமராவே பெரிய சுமை. பிளாஷ் பல்பு ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது, அடுத்த படத்துக்கு வேறு பல்பு மாட்டணும். எடுத்த படம் சரியா என்று உடனே பார்க்கவும் முடியாது. இருட்டு அறையில் பிலிமை மருந்துத் தண்ணீரில் கழுவி நெகட்டிவ் ஆக்கி, அதிலிருந்து காகிதத்தில் படம் போட்ட பிறகுதான் தெரியும். அதனால் கண்ணும் கையும் தப்பக்கூடாது.

1942-ல் டெல்லிக்கு வேலைக்குப் போனார். சேலை கட்டிக்கொண்டு, கேமரா சாமான்களோடு சைக்கிளில் போய் படம் எடுத்தார். 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் கொடி ஏறியது, 1948-ல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலம் எல்லாம் இவர் கேமராவில் பதிவாயின.

1970-ல் தொழிலை விட்டுவிட்டார். பிறகு பல வருஷம் அவரைப் பலரும் மறந்தே போனார்கள். ஆனால் நெகட்டிவ்களும் படங்களும் பத்திரமாக இருந்தன. அதனால்தான் 2010-ல் டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய படங்களைப் பெரிய கண்காட்சியாக வைக்க முடிந்தது. இந்த முறை கணவர் பெயரில் இல்லை, ஹோமாய் வியாரவாலா என்ற அவர் பெயரிலேயே! 2011-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2012 ஜனவரியில், 98 வயதில் காலமானார்.

சகோதரிகளே, இப்போ நம்ம வீட்டைப் பார்ப்போம். மாட்டுக்குப் புல் அறுப்பது நாம, பால் கறப்பது நாம. பால் சங்கத்து அட்டை யார் பெயரில் இருக்கு? தையல் மெஷினுக்குக் கடன் கட்டுவது நாம. வர்ற கூலி யார் கணக்கில் ஏறுது? உழைப்பு நம்மது என்றால் பெயரும் நம்மதாக இருக்கணும். பெயர் இருந்தால்தான் நாளைக்கு வங்கியில் கேட்கவும், பங்கு கேட்கவும் முடியும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். யார் யார் வீட்டில் எது யார் பெயரில் இருக்கு என்று ஒரு சுற்று சொல்லச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.