“டீசல் வண்டின்னா புகை வரத்தான் செய்யும்!”

ஊத்துக்கோட்டை பக்கத்தில் இருந்து ஒரு வாசகி, வேர்க்கடலையில் இலைப்புள்ளி நோய் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வி: “பாடியில ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் கார் பார்த்திருக்கோம். டர்போ வண்டி, 2014 மாடல். ரெண்டேகால் லட்சம் சொல்றாங்க. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டோம். ஆனா புகை வருது. கேட்டா, டீசல் வண்டின்னா புகை வரத்தான் செய்யும்கிறாங்க. மாமனாருக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். பஸ்ல கூட்டிட்டுப் போய் வர முடியல. வாங்கலாமா சார்?”

இலைப்புள்ளிக்குத் தபாலில் பதில் போட்டுவிட்டேன். கார் கேள்விக்கு என்ன செய்வது? நான் மெக்கானிக் இல்லை. கல்லூரியில் படித்த பண்ணை இயந்திரப் பாடமும், இத்தனை வருடம் வயல்வெளியில் பம்புசெட், டிராக்டர் புகையைப் பார்த்த பழக்கமும்தான் உண்டு. ஆனால் குடியிருப்பது பாடி. 1961-லிருந்து லூகாஸ் டிவிஎஸ் கம்பெனியில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிற ஊர் இது. தெருவுக்கு நாலு பேராவது வண்டி வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள். எதிர்வீட்டு அண்ணன் முப்பது வருடம் டீசல் மெக்கானிக்காக இருந்தவர். அவரையும் அழைத்துக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனேன். வாசகியும் அவர் கணவரும் விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

‘காலையில் நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். போய் பானெட்டில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. “சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன் சார்” என்றார் விற்பவர். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். அந்தத் தம்பதி உறவினர் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்குப் போய் நின்றோம்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், புகையைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நிறத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். பயிரில் அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, குருத்திலை மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு என்று நமக்குத் தெரியும். இரண்டும் மஞ்சள்தான், எந்த இலையில் என்பதை வைத்துத்தான் மருந்து மாறும். புகையும் அப்படியே. என்ன நிறம் என்பதோடு, எப்போது வருகிறது என்றும் பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினிலா, மேடு ஏறும்போதா, நின்று ஓடிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா? சூடேறிய வண்டியைக் காட்டினால் முதல் சாட்சியே போய்விடுகிறது.

காலையில் வெள்ளை

சாவியைத் திருப்பியதும் வெள்ளையாகப் புகை கிளம்பியது. கண் எரிந்தது, டீசல் வாடை அடித்தது. ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. எரியாத டீசல் அப்படியே வெளியே வந்தால் இப்படித்தான் இருக்கும். ஹீட்டர் பிளக் ஒன்று வேலை செய்யாமல் இருக்கலாம், நாசில் ஒழுகலாம். “பெரிய செலவு இல்ல” என்றார் அண்ணன். சோதித்ததில் ஒரு ஹீட்டர் பிளக் போயிருந்தது.

பயப்பட வேண்டிய வெள்ளை வேறு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் விடாமல் வரும், இனிப்பான வாடை அடிக்கும், கூலன்ட் மட்டம் வாரா வாரம் இறங்கும். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசலும் இருக்கலாம். இதைப் பார்க்க ரேடியேட்டர் மூடியைத் திறப்பதென்றால் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே கலர் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர், அதில் துருவும் உப்புப் படிவும் இருந்தால் அந்த வண்டி போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்று அர்த்தம். நம் சொட்டுநீர்க் குழாயை அடைக்கிற அதே உப்புதான் ரேடியேட்டரையும் அடைக்கிறது. குளிர்காலக் காலையில் சைலன்சரில் இருந்து லேசான ஆவியும் சொட்டுத் தண்ணீரும் வருவதை நோயாக எண்ண வேண்டாம்.

மேம்பாலத்தில் கறுப்பு

அடுத்து பாடி மேம்பாலம். அண்ணன் காரை ஓட்ட, நான் வாசகியின் கணவரோடு டூவீலரில் பின்னால் போனேன். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் புகை தெரியாது. பின்னால் ஒருவர் வந்தாக வேண்டும். பாலம் ஏறும்போது கரும்புகை தள்ளியது. கூடவே ‘உஸ்ஸ்’ என்று காற்று சீறும் சத்தம். பிக்கப்பும் இல்லை.

கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. டர்போ என்பது சைலன்சருக்குப் போகும் சூட்டுக்காற்றின் வேகத்தில் சுழலும் விசிறி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். அந்தக் காற்று இன்டர்கூலர் வழியாக ரப்பர் ஹோஸ்களில் போகிறது. ஒரு ஹோஸ் கிழிந்தாலும், ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் காற்று வெளியே போய்விடும். டீசல் மட்டும் உள்ளே போய்ப் பாதி வெந்து கரியாகும். ‘டர்போ போச்சு, நாசில் போச்சு’ என்று பெரிய பில் போடும் முன் பார்க்க வேண்டியவை இந்த ஹோஸ்களும் ஏர் ஃபில்டரும்தான். அறுவடைக் காலத்தில் களத்துப் பக்கம் ஓடிய வண்டியில் ஃபில்டருக்குள் வைக்கோல் தூசி அப்பிக்கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இவை சரியாக இருந்தால்தான் இ.ஜி.ஆர். வால்வு, சென்சார், நாசில் பக்கம் போக வேண்டும். பழைய வண்டியில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்ததும் ஒரு கணம் கறுப்பு வந்து மறைவது சகஜம்.

எங்கள் வண்டியில் இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிந்து, சுற்றிலும் எண்ணெய்க் கசிவு. ஹோஸை மாற்றிவிட்டு மறுபடியும் பாலம் ஏறினோம். கறுப்பு போய்விட்டது. விற்பவர் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா சார், நான் சொன்னேன்ல” என்றார்.

பத்து நிமிடம் கழித்து நீலம்

அண்ணன் விடவில்லை. வண்டியைப் பத்து நிமிடம் நின்றபடியே ஓடவிட்டு, பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். நீலப்புகை மேகமாக வந்தது.

நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய பழைய ஜீப்பில் நீலப்புகை வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ‘போர் வேலை செய்தாகணும்’ என்றார்கள். செய்தேன். புகை நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் இன்ஜின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாய் அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் கூடினால், டர்போவில் இருந்து இறங்க வேண்டிய ஆயில் இறங்க முடியாமல் சீல் வழியாகக் கசிகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் பிரீதரும் டர்போவின் ஆயில் இறங்கும் குழாயும் அடைத்திருக்கிறதா பாருங்கள். பிறகு இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால், பிரீதரும் சுத்தமாக இருந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ரிங் தேய்ந்த வண்டியில் நீலம் ஓட்டம் முழுக்க வரும், பாரம் ஏற ஏறக் கூடும். நின்று ஓடிவிட்டு மிதித்ததும் மேகமாக வந்தால் டர்போ சீல் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

எங்கள் வண்டியில் மூடி ஆடவே இல்லை. பிரீதரும் சுத்தம். இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றினோம். விசிறியின் தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார் அண்ணன். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடக் கூடாது. இது ஆடியது. இன்டர்கூலர் ஹோஸில் ஆயில் வெறும் பிசுக்காக இல்லை, தேங்கியே நின்றது. “இன்ஜின் நல்லாருக்கு. டர்போ முடிஞ்சுது” என்றார்.

இதை அலட்சியம் செய்து ஓட்டினால் செலவு மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. சீல் முழுதாகப் போனால் கசியும் ஆயிலையே எரிபொருளாக்கி இன்ஜின் தானாக வேகமெடுக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால், கியர் வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி மேல் கியரில் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினை அடக்க வேண்டும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளி நில்லுங்கள். இன்ஜின் பக்கம் குனியாதீர்கள்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வாசகி கேட்கவில்லை. “இன்ஜின் நல்லாருக்குன்னு அவரே சொல்றாரே சார். என்ன கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்ச வண்டியை விட்டுட்டு, தெரியாத இன்னொண்ணை எங்க போய்த் தேடுறது?” என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை. அரைநாள் பேச்சுக்குப் பிறகு விற்பவர் முப்பத்தைந்தாயிரம் குறைத்தார். டர்போவின் உள்பாகத்தையும் ஹீட்டர் பிளக்கையும் மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் கழுவி எடுத்தார்கள். ஓடி வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் நின்று ஓடவிடும்படி அண்ணன் சொல்லி அனுப்பினார். இப்போது மாமனார் வாரம் மூன்று நாள் அதில்தான் திருவள்ளூர் போய் வருகிறார்.

இதே விஷயமாக வந்த இரண்டு கேள்விகள்

*புகைச் சான்றிதழ் இருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று நம்பலாமா?*

காகிதத்தை நம்ப வேண்டாம். உங்கள் கண் முன்னால் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் புகையின் அடர்த்தியை மெஷினில் பார்ப்பார்கள். பி.எஸ்.-4 டீசல் வண்டிக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகும், அதற்கு முந்தையவற்றுக்கு 65-ம் மேல்வரம்பு. பி.எஸ்.-4 சென்னை போன்ற பெருநகரங்களுக்கு 2010 ஏப்ரலிலும், நாடு முழுக்க 2017 ஏப்ரலிலும்தான் வந்தது. அதனால் ஒரே வருட மாடலாக இருந்தாலும் எந்த ஊரில் பதிவானது என்று பாருங்கள்.

*டீசல் காருக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்கிறார்களே?*

அது டெல்லி வட்டாரத்துக்குப் போடப்பட்ட உத்தரவு. நம் மாநிலத்தில் சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்கலாம். 14 வருட வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.