ஒரே நகரம், சில தெருக்களில் மட்டும் ஜப்தி நோட்டீஸ்

 

வங்கி அனுப்பிய நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருபவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, "வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டியிருந்தால் வீடு ஏன் போகிறது?" என்று நம்மில் பலர் கேட்டுவிடுகிறோம். கட்டாதவரின் குணம்தான் ஒரே காரணம் என்றால், ஒரு நகரத்தில் ஜப்தியாகும் வீடுகள் எல்லாப் பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்படி இருப்பதில்லை. நியூயார்க் நகரம் இதற்கு ஓர் உதாரணம்.

2007 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகள் கடனுக்காகப் பறிபோயின. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் இந்தப் பாதிப்பு மிகக் குறைவு. ஆனால் குயின்ஸின் தென்கிழக்கே ஜமைக்கா, புரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட், ஈஸ்ட் நியூயார்க் ஆகிய பகுதிகளில் பாதிப்பு மிக அதிகம். காரணங்கள் மூன்று.

முதலாவது, மன்ஹாட்டனில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். அங்கே சொந்த வீடுகளில் பல கூட்டுறவு அடுக்ககங்களில் உள்ளன. அவற்றின் நிர்வாகக் குழு வாங்குபவரின் வருமானத்தை அலசிப் பார்க்கும். பெரிய தொகையை முன்பணமாகக் கேட்கும். அதனால் சக்திக்கு மீறிய கடன் அங்கே எளிதில் நுழையவில்லை.

இரண்டாவது, பழைய அநீதி. 1930களில் அரசு நிறுவனம் ஒன்று, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு நிறமிட்டு, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று குறித்தது. வங்கிகள் ஒதுங்கிக்கொண்டன. 1968இல் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனாலும் வங்கிகள் விட்ட இடத்தில் அதிக வட்டி நிறுவனங்களும் தரகர்களும் புகுந்தார்கள்.

மூன்றாவது, கடனின் அமைப்பு. முதல் 2 ஆண்டுகள் தவணை குறைவு. பிறகு சந்தை வட்டியோடு சேர்ந்து ஏறும். 2003இல் 1 சதவீதமாக இருந்த மத்திய வங்கியின் வட்டி, 2006இல் 5.25 சதவீதமானது. கூடுதல் வட்டிக்குக் கடனைத் தலையில் கட்டினால் தரகருக்குக் கூடுதல் கமிஷன். குறைந்த வட்டிக்குத் தகுதி இருந்தவர்களில் பலரும் இதில் மாட்டினார்கள். வீட்டு விலையும் சரிந்ததால் விற்றுக் கடனை அடைக்கவும் வழியில்லை. அந்த வீடுகளில் குடியிருந்த வாடகைதாரர்களும் தவறாமல் வாடகை கட்டியும் வெளியேற நேர்ந்தது.

அங்கே வீடு இழந்தவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஒரே சம்பளம் வாங்கும் இருவரில், எந்தத் தெருவில் இருக்கிறார், யாரிடம் கடன் வாங்கினார் என்பதே ஒருவர் வீட்டைக் காத்தது. மற்றவர் வீட்டைப் பறித்தது.

நம் ஊருக்கும் இதில் பாடம் உண்டு. வட்டிக் கடனைத் தவிர்ப்பதே நம் மார்க்கம் காட்டும் வழி. நிர்ப்பந்தத்தில் வாங்கிவிட்டவர்கள், வட்டி மாறக்கூடியதா, மாறினால் தவணை எவ்வளவு ஏறும், தரகருக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டறியுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால் மறைக்காதீர்கள். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, முதல் நோட்டீஸுக்குப் பின் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஏலத் தேதிக்கு முந்தைய நாள் வருபவருக்கு நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முதல் வாரத்திலேயே வருபவருக்கு வழிகள் பல உண்டு.

அப்படி வருபவரிடம் "ஏன் கட்டவில்லை?" என்று தொடங்காமல், "கடன் பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று தொடங்குவோம்.