கூலி கொடுத்தால் கடமை தீர்ந்ததா?

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் அவனுடைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளை. மிம்பர்களிலும் மேடைகளிலும் நாம் அடிக்கடி கேட்டுவரும் நபிமொழி இது. மாதம் பிறந்ததும் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடும் முதலாளி, இந்த நபிமொழியை நினைத்து நிம்மதி அடைகிறார். தம் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறார். உண்மையிலேயே அது தீர்ந்துவிட்டதா?

கூலி என்பது உழைப்பின் விலை. ஆனால் வேலைக்கு வருபவன் கைகளையும் கால்களையும் மட்டும் கொண்டுவருவதில்லை; தன் உள்ளத்தையும் உடன் கொண்டுவருகிறான். கைகளின் உழைப்புக்கு நாம் விலை பேசினோம். உள்ளத்துக்கு விலை பேசவில்லை. அது நம் பொறுப்பில் விடப்பட்ட அமானிதம். காலையில் கலக்கமின்றி வந்தவனை மாலையில் உடைந்த மனத்தோடு வீட்டுக்கு அனுப்பினால், கூலி முழுமையாகக் கொடுக்கப்பட்டிருந்தாலும் அமானிதம் சிதைக்கப்பட்டதாகும்.

திருக்குர்ஆன் எடுத்துரைக்கும் ஒரு வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள். எகிப்திலிருந்து தப்பி வந்த மூஸா (அலை) அவர்களை மத்யன் நகரின் முதியவர் ஒருவர் பணிக்கு அமர்த்துகிறார். 8 ஆண்டுகள் பணி செய்ய வேண்டும். 10 ஆண்டுகளாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம். இத்துடன் ஒப்பந்தம் முடிந்துவிடவில்லை. தாம் அவரைச் சிரமப்படுத்த நாடவில்லை என்றும் அப்பெரியவர் உறுதி கூறுகிறார். வேலையின் கால அளவைச் சொன்ன அதே வாயால், வேலை செய்பவரை வருத்தமாட்டேன் என்ற வாக்குறுதியும் தரப்பட்டதை ‘கஸஸ்’ அத்தியாயத்தில் காண்கிறோம். நம் காலத்து நியமன ஆணைகளில் எத்தனை ஆணைகளில் இவ்வாக்குறுதி இடம்பெறுகிறது?

இன்னொரு நிகழ்ச்சி புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. அபூதர் (ரலி) அவர்கள் ரபதா என்னும் இடத்தில் வாழ்ந்தபோது, அவர்கள் உடுத்தியிருந்த அதே வகை ஆடையையே அவர்களின் பணியாளரும் உடுத்தியிருந்தார். கண்டவர் வியந்து காரணம் கேட்டார். தாம் முன்பு ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழிவாகப் பேசிவிட்டதையும், அதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைக் கடிந்து கொண்டதையும் அபூதர் (ரலி) எடுத்துரைத்தார்கள். பணியாளர்கள் நம் சகோதரர்கள். நாம் உண்பதை அவர்களுக்கு உண்ணவும், உடுத்துவதை உடுத்தவும் தர வேண்டும். சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தலாகாது. சுமத்த நேர்ந்தால் நாமும் உடன் நின்று உதவ வேண்டும் என்பது அப்போது கிடைத்த போதனை.

இந்தப் போதனை எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்பதைச் சிந்தியுங்கள். அங்கே கூலித் தகராறு இல்லை. வேலை நேரத்தைப் பற்றிய வழக்கும் இல்லை. ஒரு சொல்லால் ஒரு மனிதனின் உள்ளம் புண்பட்டது, அவ்வளவுதான். அந்தப் புண்ணை முன்னிட்டே உணவும் உடையும் வேலைப் பளுவும் பேசப்பட்டன. பணியாளரின் மன நலம் இன்று மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்யும் ஆண்களையும் பெண்களையும் நாம் பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளின் எழுதப்படாத சட்டமாக இருந்தது. கேரளத்தின் கோழிக்கோட்டில், மிட்டாய்த் தெருவின் கடைகளில் பணிபுரிந்த பெண்கள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. கழிப்பறை இல்லாமையால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு வேலை செய்த பெண்கள் அவர்கள். தையல் தொழிலாளியான விஜி என்னும் பெண்மணி முன்னின்று, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியே அவர்களை ஒன்று சேர்த்தார். பின்னர் உட்காரும் உரிமையையும் கேட்டார்கள். 2018-ஆம் ஆண்டு கேரள அரசு அதற்குச் சட்ட வடிவம் தந்தது.

தமிழகமும் பின்தங்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருத்தல் வேண்டும். வேலையினூடே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

நின்றால் கால் வலிக்கும், நரம்பு சுருளும். இதில் மனத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். ஒரு மனிதன் சோர்ந்திருக்கிறான். அருகில் முக்காலி இருக்கிறது. கடையில் கூட்டமும் இல்லை. ஆயினும் அவன் அமரத் துணியவில்லை. முதலாளியின் பார்வை எப்போது தன்மீது விழுமோ என்ற அச்சம் அவனை நிற்க வைக்கிறது. காலின் வலி இரவு உறங்கினால் தணியும். அந்த அச்சமோ வீட்டுக்கும் கூடவே செல்கிறது, பிள்ளைகளிடம் எரிச்சலாகிறது, உறக்கத்தையும் கெடுக்கிறது. சட்டம் கடைக்குள் முக்காலியைக் கொண்டுவந்து போடும். அதில் அமர்வதற்கான துணிவை முதலாளியின் முகமலர்ச்சிதான் தரவேண்டும்.

இது சிறிய விஷயமன்று. உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு பணியிட மனநலத்துக்கென்றே வழிகாட்டும் நெறிகளை வெளியிட்டது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் ஆண்டுதோறும் சுமார் 1,200 கோடி வேலை நாட்கள் உலகெங்கும் வீணாகின்றன என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. தாங்க முடியாத வேலைப் பளு, நீண்ட நேரம், அவமதிப்பு, வேலை எப்போது போகுமோ என்ற நிச்சயமின்மை ஆகியவை மனத்தை நலிவுறச் செய்யும் என்று அது கூறுகிறது. மேற்பார்வையாளர்களுக்கு, தம் கீழ்ப் பணிபுரிவோரின் மனத்துயரை அறிந்து ஆதரவளிக்கும் பயிற்சி தரவேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது.

நம்மிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. மனம் நலிந்தவனைப் பார்த்து ஈமான் குறைந்தவன் என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். யாக்கூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு வருந்தியதைத் திருமறை கூறுகிறதே! நபியின் ஈமானில் குறை காண யார் துணிவார்? 934-ஆம் ஆண்டு மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். கோபம், அச்சம், துக்கம், ஓயாத வீண் எண்ணம் என உள்ளத்தின் துன்பங்களை வகைப்படுத்தினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் வரும் துக்கம் வேறு என்றும் பிரித்துக் காட்டினார். உடலுக்கு நோய் வருவது போன்றே உள்ளத்துக்கும் நோய் வரும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த சமுதாயம் இது. துஆவும் வேண்டும்; மருத்துவமும் வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

‘இவையெல்லாம் பட்டணத்துப் பெரிய நிறுவனங்களுக்கு உரியவை, நைனார்பாளையம் போன்ற ஊரில் ஒரு முதலாளியும் இரண்டு ஆட்களும் உள்ள கடைக்கு இவை எப்படிப் பொருந்தும்?’ என்று கேட்கலாம். உண்மையில் இங்குதான் இது எளிது. பெரிய நிறுவனத்தின் முதலாளிக்குத் தம் பணியாளரின் பெயர்கூடத் தெரிந்திராது. நம் கடைவீதிகளில் அப்படியா? வேலைக்கு வருபவனின் தந்தையையும் நாம் அறிவோம்; அவன் வீட்டுக் கடனையும் அறிவோம். சின்னசேலத்திலோ கள்ளக்குறிச்சியிலோ ஜும்ஆவுக்குச் சென்றால், முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். தொழுகையில் சமமாக நின்றவனைக் கடைக்குத் திரும்பியதும் வாடிக்கையாளர் முன்னிலையில் ‘மடையா’ என்று அழைப்பது எந்த வகையில் நியாயம்?

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. சம்பளத்துக்கு ஒரு தேதி குறித்து, அதனைத் தவறாமல் கடைப்பிடியுங்கள். கேட்டுக் கேட்டுப் பெறும் பணம் மனத்தை அரிக்கும். தவறு கண்டால் தனியே அழைத்துத் திருத்துங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதனைச் சங்கிலியாக்கி அவனைக் கட்டிப்போடாதீர்கள். வீட்டில் நோயோ மரணமோ நேர்ந்தால் அவன் கெஞ்சுமுன் விடுப்புக் கொடுங்கள். முஸ்லிமுக்குப் பெருநாளைப் போலவே, உங்களிடம் பணிபுரியும் இந்துச் சகோதரருக்குப் பொங்கலும், கிறிஸ்தவச் சகோதரருக்குக் கிறிஸ்துமஸும் குடும்பத்தோடு கழிய வேண்டும். வார விடுமுறையைப் பறிக்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டு தமிழக அரசு அனுமதித்தபோதும், பணியாளருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு என்றே நிபந்தனை விதித்தது. கடை உறங்காமல் இருக்கலாம், மனிதனால் இயலாது.

கலகலப்பாக இருந்தவன் சில வாரங்களாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டால், கணக்கில் அடிக்கடி தவறினால், உணவை வெறுத்தால், காரணமின்றி வேலைக்கு வராதிருந்தால், சோம்பல் என்று முடிவு கட்டுமுன் அருகில் அமர்ந்து ‘என்ன தம்பி, உடம்புக்கு என்ன?’ என்று கேளுங்கள். அவன் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். கேட்டதை ஊரெல்லாம் பரப்பாதீர்கள். வாழ்வே வேண்டாம் என்னும் பொருள்படப் பேசினால் அதனை விளையாட்டாகக் கொள்ளலாகாது; அவனைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் இயங்கிவரும் அரசின் ‘டெலி மானஸ்’ சேவையில், 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். நோயுற்றவனை வேலையை விட்டு நிறுத்துவது சிகிச்சையாகாது. அவன் தேறி வரும்வரை பளுவைக் குறைப்பதே, சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்ற போதனையின் செயல் வடிவமாகும்.

தொழிலாளிக்கும் கடமை உண்டு. ஒப்புக்கொண்ட வேலையை நேர்மையாகச் செய்வது அவன் ஏற்ற அமானிதம். அன்பாக நடத்தப்படுவதை அவன் அலட்சியத்துக்கு வாய்ப்பாக்கிக் கொள்ளலாகாது. ஆனால் அதிகாரம் யார் கையில் உள்ளதோ அவரிடமே முதற் கேள்வி கேட்கப்படும்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பணிக்கு வந்து 10 ஆண்டுகள் பணியாற்றினார்கள். சிறுவர் என்றால் மறதியும் தவறும் இல்லாமலா இருக்கும்? எனினும் அந்தப் 10 ஆண்டுகளில் தம்மை நோக்கி ஒரு ‘சீ’ என்ற சொல்லும் வந்ததில்லை. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்ற அதட்டலும் எழுந்ததில்லை என்று அவர்களே சாட்சி கூறினார்கள். முதலாளியின் சிறப்புக்கு அவருடைய லாபக் கணக்கு சாட்சியன்று. அவரிடம் பணிபுரிந்தவரின் நாவே சாட்சி.

நம்மிடம் பணிபுரிவோர் நாளை நம்மைப் பற்றி என்ன சாட்சி சொல்வார்கள்? இன்றைய ஜும்ஆ முடிந்து கடையைத் திறக்கும்போது, கல்லாப்பெட்டியைத் திறக்குமுன், இக்கேள்வியை ஒவ்வொருவரும் நமக்குள் கேட்டுக்கொள்வோமாக! நம் கைக்குக் கீழ் இருப்போரின் உள்ளங்களைக் காக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.