மண்ணிலே தெய்வம் வனையும் கலைஞர்

திருக்கோணமலையில் வாழும் நமக்கு, மண்ணுக்குள்ளிருந்து தெய்வம் வெளிப்படுவது புதுமையன்று. 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே துறைமுகத்தருகே கோட்டை எழுப்பினர். மண்ணில் மறைந்திருந்த வெண்கலத் திருமேனிகள் 1950இல் கிணறு வெட்டியோர் கண்ணிற் பட்டன. அவை இன்று மீண்டும் வழிபாட்டில் உள்ளன.

அந்நினைவோடு, கடல் கடந்து வாழும் ஒரு கலைஞரை நோக்குவோம். அவர் ரமேஷ் மரியோ நித்தியேந்திரன். 1988இல் கொழும்பிலே பிறந்தவர். போர்க்காலத்தில், குழந்தைப் பருவத்திலேயே, குடும்பத்தோடு அவுஸ்திரேலியா சென்று சிட்னியில் வளர்ந்தவர். முதலில் ஓவியம் பயின்றார். பின்னர் களிமண்ணைக் கையிலெடுத்தார்.

அவர் வனையும் உருவங்கள் அழகிய பாவைகள் அல்ல. பல தலைகளும் பிதுங்கிய விழிகளும் கொண்டவை. ஆண்மையும் பெண்மையும் ஒரே உடலிற் கலந்தவை. சுட்ட மண்ணோடு வெண்கலமும், மணிகளும், தலைமயிரும், நியோன் விளக்கும் சேரும். சமயம், இனம், பால்புதுமையர் வாழ்வு ஆகியவற்றை அவை கூச்சமின்றிப் பேசுகின்றன. 2015இல் சிட்னி மையர் நிதியத்தின் மட்கலை விருது அவருக்குக் கிடைத்தது. 2016இல் கன்பராவிலுள்ள தேசியக் கலைக்கூடமும், 2018இல் டாக்கா கலை மாநாடும் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தன.

'தெய்வ உருவோடு இத்தகைய விளையாட்டா?' என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கலாம். அவ்வருத்தத்தை நாம் எள்ளி நகையாடோம். ஆயினும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். உமையொரு பாகனை வணங்கும் மரபு நம்முடையது. ஒருடலில் இருபாலையும் கண்டு அஞ்சாத சிற்பிகள் நம் முன்னோர். அச்சம் வேறிடத்திலிருந்து வந்தது. ஒரே பாலினர் உறவைக் குற்றமாக்கியது, ஆங்கிலேயர் ஆட்சியிலே 1883இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை. அதனைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணாகாது என்று 2023இல் நம் நாட்டு உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

சட்டம் மன்றத்திலே ஆராயப்படும். மனம் வீட்டிலே மாறவேண்டும். தம் இயல்பைச் சொல்ல அஞ்சி ஒடுங்கியிருக்கும் பிள்ளை நம் தெருவிலும் இருக்கலாம். நம் வீட்டிலும் இருக்கலாம். அப்பிள்ளைக்கு விருதும் கலைக்கூடமும் தொலைவிலுள்ளவை. தாய் தந்தையர் முகமே அருகிலுள்ளது.

நித்தியேந்திரனின் சிலைகளை விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் சுவை. மண்ணிற் புதைந்த திருமேனிகளை நாம் கழுவி எடுத்துப் போற்றினோம். உயிரோடு உலவும் பிள்ளைகளை அச்சத்திலே புதைத்து வைத்தல் நமக்கு அழகாகுமா?