கசிவும் காரணமும்: திரவவாயுத் தாங்கமைப்புடைய பழைய காரொன்றின் நோயாய்வு

நோய் இன்னதென அறியாமுன் மருந்து கொடுத்தல் மருத்துவனுக்கு இழுக்கு. இயந்திரத்தைப் பேணுவோனுக்கும் அஃது அவ்வாறேயாம். முதல் நாள் மாலை நிமிர்ந்து நின்ற கார், மறுநாட் காலையில் வயிறு நிலத்தைத் தொடுமளவிற்குத் தாழ்ந்து கிடக்கின்றது. அடியில் ஈரக்கறையும் தென்படுகின்றது. உடையவர் கசிவென்று முடிவு செய்து, கைக்கெட்டிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுகின்றார். தீராத கேடு பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே விளைகின்றது. ஆதலின் இவ்வமைப்பின் தன்மையையும், கசிவை ஆராயும் முறையையும் ஈண்டுச் சுருக்கமாக விளக்குவாம்.

பிரான்சிய நாட்டுச் சித்ரோயன் நிறுவனம் 1955ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரிஸ் கண்காட்சியில் வெளியிட்ட டி.எஸ். என்னும் கார், உருக்கு விற்களை முற்றாக நீக்கிவிட்டு வாயுவின் மீதே மிதந்தது. போல் மாஜெஸ் என்பார் வகுத்த இம்முறை, அதற்கு முந்திய ஆண்டிலேயே அந்நிறுவனத்தின் வேறொரு காரின் பின்சில்லுகளிற் பரீட்சிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் உருக்குக் கோளம் உண்டு. அதனகத்தே றப்பராலான மென்தகடொன்று குறுக்கிட்டு நிற்கும். அதன் ஒரு புறம் நைதரசன் வாயு, மறுபுறம் திரவம். சில்லு மேட்டில் ஏறுங்கால் திரவம் தள்ளப்பட்டு வாயு சுருங்குகின்றது. பள்ளத்தில் இறங்குங்கால் அது விரிகின்றது. திரவம் சுருங்காது, வாயு சுருங்கும் என்னும் எளிய உண்மையே இவ்வமைப்பின் உயிர்நிலை. எஞ்சினால் இயங்கும் பம்பி திரவத்தை ஏறத்தாழ 150 முதல் 175 பார் வரையான அமுக்கத்தில் வைத்திருக்கும். இது சதுர அங்குலமொன்றுக்கு ஈராயிரம் இறாத்தலுக்கு மேற்பட்டது. பாரம் கூடினும் குறையினும் உயரச் சீராக்கிகள் திரவத்தை விட்டும் எடுத்தும் காரை ஒரே மட்டத்தில் நிறுத்தும். பிறேக்கும் இத்திரவத்தினாலேயே இயங்குகின்றது என்பதை வாசகர் மறத்தலாகாது.

கசிவென மக்கள் ஒரே சொல்லாற் கூறுவன உண்மையில் மூன்று வேறு நிகழ்ச்சிகளாம்.

முதலாவது, உட்கசிவு. மிக நுண்ணிய இடைவெளியுடன் பொருத்தப்பட்ட உறுப்புக்களினூடாகச் சிறிதளவு திரவம் ஊர்ந்து, திரும்பு குழாய் வழியே தொட்டியை அடையும். எஞ்சின் ஓயுங்கால் ஈடுசெய்ய அமுக்கம் இன்மையால், கார் சில மணி நேரத்திற் படிப்படியாகத் தாழும். இஃது இயல்பே. சில நிமிடங்களுக்குள் தாழ்ந்துவிடின் மட்டுமே உறுப்புக்களின் தேய்வை ஐயுறல் வேண்டும்.

இரண்டாவது, வாயுக் கசிவு. நைதரசன் மென்தகட்டினூடாக ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறும். அப்போது நிலத்தில் ஒரு துளியும் வீழாது; ஆயின் கார் கட்டைவண்டி போலக் குலுங்கும். இதற்கு மருந்து கோளத்தை மீண்டும் வாயுவால் நிரப்புதல் அல்லது மாற்றுதல். திரவத்தை ஊற்றுவதாற் பயன் யாதுமில்லை.

மூன்றாவதே உண்மையான புறக்கசிவு. இதனை அறிதற்குத் தொட்டியே முதற் சான்று. எஞ்சினை இயக்கி, உயர நெம்பை மேல்நிலையில் வைத்து, கார் முழுதும் எழுந்தபின் தொட்டியின் மட்டத்தைக் குறித்தல் வேண்டும். தாழ்ந்து கிடக்கும் காரிற் பார்த்த மட்டம் பொய் கூறும். ஏனெனில் அப்போது திரவத்தின் பெரும்பகுதி தொட்டிக்கு மீண்டிருக்கும். சில நாட்களின் பின் அதே நிலையில் மீண்டும் நோக்குங்கால் மட்டம் குறையாதிருப்பின் புறக்கசிவு இல்லை. குறைந்திருப்பின், உறுப்புக்களைத் துடைத்துச் சுத்தஞ்செய்து, அடியில் வெண்தாளை விரித்து, துளி விழுமிடத்தைக் காண்க. துளி விழுமிடம் வேறு, பிறக்குமிடம் வேறு. திரவம் குழாயின் மேலாக நெடுந்தூரம் ஓடிப் பின்னரே சொட்டும். ஆதலின் ஈரத்தின் மேல்நுனியைத் தேடிச் செல்லல் வேண்டும். முதுமையால் வெடித்த றப்பர்த் திரும்பு குழாய்களும், கிழிந்த உறைகளும், துருவேறிய உருக்குக் குழாய்களும் பெரும்பாலும் குற்றவாளிகளாகக் காணப்படும். குழாய்ப் பொருத்திற் கசிவு கண்டால் திருகை மேலும் இறுக்குதல் தவறு. உள்ளிருக்கும் சிறு றப்பர் வளையத்தைப் புதுப்பித்தலே முறை.

இனித் திரவத்தைப் பற்றிக் கூறுவாம். தொடக்ககாலக் கார்கள் செந்நிறத் திரவத்தைக் கொண்டவை. அஃது ஈரத்தை உறிஞ்சி உறுப்புக்களைத் துருப்பிடிக்கச் செய்தமையால், 1966ஆம் ஆண்டின் இலையுதிர்காலந் தொட்டு ஐரோப்பியக் கார்களிற் பச்சைநிறக் கனிய எண்ணெய் இடம்பெற்றது. இவ்விரண்டிற்கும் உரிய றப்பர்கள் வெவ்வேறானவை. ஒன்றிற்குரிய அமைப்பில் மற்றதை ஊற்றின் றப்பர் பாகங்கள் பழுதுறும். சிறு கசிவு பெருங்கசிவாகும். சாதாரண பிறேக் எண்ணெயைப் பச்சைத் திரவ அமைப்பில் ஊற்றினும் அதே கேடு நேரும்.

யாவற்றினும் தலையாயது உயிர்க்காவல். திரவத்தின் பலத்தால் எழுந்து நிற்கும் காரின் கீழ் ஒருபோதும் நுழைதல் ஆகாது. குழாயொன்று வெடிப்பினும், ஒருவர் நெம்பை அசைப்பினும், கார் கணத்திற் கீழிறங்கும். உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே உட்புகுக. கசிவைக் கைவிரலால் தடவித் தேடுதலும் ஆகாது. ஊசிமுனைத் துளையினின்று பாயும் திரவம் தோலைத் துளைத்து உட்செல்லும். புண் சிறிதாய்த் தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். எந்தப் பொருத்தையும் கழற்றுமுன் அமுக்கச் சீராக்கியின் வெளியேற்றுத் திருகை மெல்லத் தளர்த்தி அமுக்கத்தை நீக்குக. ஓடுங்கால் எச்சரிக்கை விளக்கு எரியுமாயின் உடனே காரை நிறுத்துக. ஏனெனில் அடுத்து இழக்கப்படுவது பிறேக்கேயாம்.

டி.எஸ். காரின் உற்பத்தி 1975இல் நின்றுவிட்டது. எனினும் பேணப்பட்டவை இன்றும் ஓடுகின்றன. அவற்றைக் காத்தது விலையுயர்ந்த கருவியன்று. பார்த்து, குறித்து, ஒப்புநோக்கி, அதன்பின் கைவைக்கும் பழக்கமேயாம். பரிசோதனைச்சாலையில் மாணவர் பயிலும் முறையும் இதுவே. ஐயத்தை முடிவென்று கொள்ளாதிருத்தல் அறிவியலின் முதற் பாடம். காரின் அடியிற் காணும் ஒரு துளி எண்ணெயும் அப்பாடத்தையே கற்பிக்கின்றது.