எரிமலை நிழலில் – 9: காணாமல் போன சிகரம்

ஃபுகுஷிமா என்றாலே நம்மில் பலருக்கு 2011-ம் ஆண்டின் அணு உலைதான் நினைவுக்கு வரும். அங்கே நடைப்பயணம் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வியும் அதுதான். ஆனால் ஃபுகுஷிமா என்பது ஓர் ஊர் மட்டுமல்ல, பெரிய மாகாணம். பரப்பளவில் ஜப்பானிலேயே மூன்றாவது. உலை இருப்பது கிழக்குக் கடலோரத்தில். நாம் போகும் உரபண்டாய் மேட்டுநிலம் அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி, மலைகளுக்கு அப்பால் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நடந்த பேரிடர் வேறு. அதற்கு வயது 130-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாரம் அந்தப் பேரிடரின் மேலேயேதான் நடக்கப் போகிறோம்.

சென்ற வாரம் இனவாஷிரோ ஏரிக்கரையில் நின்று பண்டாய் மலையைப் பார்த்தோம். 1816 மீட்டர் உயரம். இரு பக்கமும் சீராகச் சரிந்து இறங்கும் அழகான மலை. 'ஐசுவின் ஃபுஜி' என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் குற்றமில்லை. இனவாஷிரோ ரயில் நிலையத்தில் பஸ் ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் வடக்கே வந்தால், இது அதே மலைதானா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. மலைக்கு முதுகே இல்லை. வடபக்கம் முழுவதும் பெயர்ந்துபோய், குடைந்தெடுத்த பள்ளம் ஒன்று செம்மண்ணும் சாம்பல் நிறமுமாக வாயைப் பிளந்து நிற்கிறது. அந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில்தான் 'கோ பண்டாய்' என்ற சிகரம் இருந்தது. சின்னப் பண்டாய்.

1888 ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே நிலத்துக்கடியில் அவ்வப்போது உறுமல் கேட்டிருக்கிறது. எரிமலையடியில் வாழ்கிறவர்களுக்கு உறுமல் புதிதல்ல. காலை ஏழே முக்கால் மணிக்கு மலை வெடித்தது. ஒரு முறையல்ல, சில நிமிடங்களுக்குள் பதினைந்து இருபது முறை. எரிமலை என்றதும் நாம் கற்பனை செய்யும் நெருப்புக் குழம்பு இங்கே ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. மலைக்குள் தேங்கிய நீர் அடியிலிருந்த வெப்பத்தில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடிக்கூடி, விசில் அடைத்துக்கொண்ட குக்கர் போல வெடித்தது. ஏற்கெனவே கந்தக நீரில் ஊறி நைந்திருந்த சின்னப் பண்டாய் அந்த அதிர்ச்சியில் அப்படியே வடக்கே சரிந்தது. ஒரு கன கிலோமீட்டருக்கும் அதிகமான பாறையும் மண்ணும் பள்ளத்தாக்கை நிரப்பின.

ஓஷிசவா, ஹொசோனோ, அகிமோதோஹாரா என்ற குடியிருப்புகள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்கள் 477 பேர். கிழக்கே நகசகா என்ற சிற்றூரில் நடந்ததுதான் என்னை அதிகம் உலுக்கியது. சாம்பல் மழைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடியவர்களைச் சேற்றுவெள்ளம் வழியிலேயே வாரிக்கொண்டது. வீட்டிலேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். பேரிடர் நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அறிவுரை சொல்கிற யாரும் இந்த ஊரின் கதையைக் கேட்டபிறகு கொஞ்சம் தயங்குவார்கள்.

அதே நேரத்தில் மலையின் தெற்கே, பாதுகாப்பான பக்கத்தில், ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் ஹிதேயோ நொகுச்சி. பிற்பாடு நுண்ணுயிர் ஆய்வில் உலகப் புகழ் பெற்று, ஆயிரம் யென் நோட்டில் இருபது ஆண்டுகள் முகம் காட்டியவர். இன்று நாம் பார்க்கப் போகும் குளங்களைவிட அவர் மூத்தவர். இங்கே நடக்கும்போது நான் திரும்பத் திரும்ப யோசித்தது இந்த வயதுக் கணக்கைத்தான். மலை, காடு, நீர் எதைப் பார்த்தாலும் 'ஆதிகாலத்தியது' என்று சொல்லிவிட நமக்கு வாய் வந்துவிடும். இங்கே அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது.

சரிந்த மண் நகசே ஆற்றையும் அதன் கிளை ஓடைகளையும் மறித்தது. மறித்த இடங்களில் நீர் தேங்கித் தேங்கி ஹிபாரா, ஒனோகவா, அகிமோதோ என மூன்று பெரிய ஏரிகளும் நூற்றுக்கணக்கான குட்டைகளும் உண்டாயின. இவற்றில் ஒரு கொத்துக்குத்தான் கோஷிகிநுமா, அதாவது ஐந்நிறக் குளங்கள் என்று பெயர். அவற்றை ஒட்டிச் செல்லும் நடைபாதையின் நீளம் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. நின்று நின்று பார்த்து நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

கிழக்கு முனையில் பிஷாமொன் குளம். கூட்டத்தில் இருப்பதிலேயே பெரியது. படகுத்துறை, வண்ண மீன்கள், தலையைத் திருப்பினால் எதிரே உடைந்த மலை. சுற்றுலா பஸ்களில் வருகிற பெரும்பாலோர் இங்கே படம் எடுத்துக்கொண்டு, படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பாதைக்குள் நுழைந்த சில நிமிடங்களில் கூட்டம் கரைந்துவிடுவதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பிஷாமொன் நம் குபேரன்தான், வைஸ்ரவணன் என்ற பெயரோடு பௌத்தத்தின் கைபிடித்துக் கிழக்கே போனவர். கொஞ்ச தூரத்தில் வரும் பென்தென் குளம் சரஸ்வதிக்கு. செல்வத்துக்குப் பெரிய குளம், கல்விக்கு அடுத்தபடியான குளம் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

பிஷாமொன் கரையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. பலர் அதைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்காகத் தொடங்கப்பட்டது செஞ்சிலுவை இயக்கம். ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கம் போரே இல்லாத நேரத்தில், இயற்கைப் பேரிடருக்காக மருத்துவர்களை அனுப்பியது 1888-ல் இந்த வெடிப்பின்போதுதான். அப்போது சங்கத்துக்கு அந்தப் பெயர் வைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இன்று வெள்ளம், நிலநடுக்கம் என்றதும் செஞ்சிலுவைக்காரர்கள் வந்து நிற்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஜப்பானில் அந்த வழக்கத்துக்கு இந்தக் குளக்கரை தொடக்கம்.

காட்டுப்பாதையில் வேர்களும் பாறைகளும் காலை இடறும். முதுகுப்பையில் சிறு மணி கட்டிக்கொண்டு நடப்பது இங்கே வழக்கம். கரடிக்கு நாம் வருவது தெரிய வேண்டுமாம். எனக்கு முன்னால் போன ஒரு பாட்டியம்மாவின் பையில் இரண்டு மணிகள்.

அடுத்தது அகா குளம். 'அகா' என்றால் சிவப்பு. ஆனால் நீர் பச்சையாகத்தான் இருக்கிறது. கரையோர நாணல்களின் அடித்தண்டைக் குனிந்து பார்த்தால்தான் பெயரின் காரணம் தெரிகிறது: நீரிலுள்ள இரும்பு படிந்து துருச்சிவப்பாக இருக்கிறது. அதைத் தாண்டி மிதோரோ குளம். என்னைக் கேட்டால் மொத்தப் பாதையிலும் வியப்பானது இதுதான். ஒரே குளத்துக்குள் ஓரிடம் நீலம், ஓரிடம் பச்சை, நாணல் ஓரம் செம்பழுப்பு. நடுவில் வேலியும் இல்லை, வரம்பும் இல்லை. தத்சு குளம் மரங்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பதோடு சரி. பிறகு பென்தென், ரூரி, ஆவோ என்று வரிசையாக வருகின்றன. ஆவோ குளத்தின் நீலம் பாலில் கரைத்தது போன்றதல்ல, வானத்தின் நீலமும் அல்ல. கண் அதை முதலில் நம்ப மறுக்கிறது. யாரோ சாயம் கலந்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

சாயம் இல்லை. உடைந்த மலையின் பள்ளத்தில் ஊறும் நீர் கந்தகத்தையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு அமிலமாக இறங்கி, நிலத்துக்கடியில் வழி தேடி இந்தக் குளங்களுக்கு வருகிறது. வழியில் அமிலமில்லாத நிலத்தடி நீரோடு கலக்கிறது. கலக்கும்போது அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பிரிகின்றன. அலோஃபேன் என்று பெயர். நீரில் மிதக்கும் இந்தத் துகள்கள் வெயிலின் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. எந்தக் குளத்துக்கு எந்த நீர் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது. ஆவோ குளத்தின் அடியில் பாசிமேல் படிந்திருக்கும் வெண்மை அந்த நீலத்தை இன்னும் தூக்கிக் காட்டுகிறது. மேற்கு முனையில் உள்ள யனகி குளத்துக்கு அமில நீர் வருவதில்லை. அது நம் ஊர் ஏரி மாதிரி சாதாரணமாக இருக்கிறது. வெயில் இல்லையென்றால் நீலமும் பாதியாகிவிடும். ஆகவே போகிறவர்கள் சூரியன் உச்சியை நெருங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மேகமூட்டமான நாளில் போய்விட்டு விளம்பரப் படங்களைத் திட்டுவதில் பயனில்லை.

நீர் இப்படி வந்தது. காடு? வெடிப்புக்குப் பிறகு இந்த இடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் மொட்டைக் கல்வெளியாகக் கிடந்தது. 1910-ஐ ஒட்டி எந்தோ கென்மு என்ற ஐசு வாக்கமட்சுக்காரர் இதைப் பசுமையாக்கக் கிளம்பினார். மரம் வளர்த்துக் காட்டுகிறவருக்கே நிலம் என்ற ஏற்பாட்டில் அரசு கொடுத்த கல்காடு அது. நகமுரா யரோகு என்ற வனவியல் அறிஞரின் துணையோடு செம்பைன் உள்ளிட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் கன்றுகளை நட்டார். நிலம் கிடைக்கும் என்ற கணக்கும் அவருக்கு இருந்திருக்கும், இருக்கட்டும். கணக்குப் போட்ட எத்தனையோ பேர் கல்லைப் பார்த்ததும் திரும்பிப் போயிருப்பார்கள். அறிஞரின் பெயரில் பக்கத்திலேயே யரோகு குளம் என்று ஒன்று இருக்கிறது. எந்தோவின் சமாதியும் இந்தக் காட்டுக்குள்தான். 1950-ல் இந்தப் பகுதி பண்டாய்-அசாஹி தேசியப் பூங்கா ஆனது. 'தீண்டப்படாத இயற்கை' என்ற தொடர் இந்த இடத்துக்குப் பொருந்தாது. நான் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்த மரத்துக்குத் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கூலிக்கு ஆள் வைத்து நடப்பட்ட கன்றாக இருந்திருக்கலாம்.

பாதை முடிந்து சாலைக்கு வந்தால் சற்று நடையில் ஹிபாரா ஏரி. நடுவே நிறையக் குட்டித் தீவுகள். அவை தீவுகளாகப் பிறக்கவில்லை. சின்னப் பண்டாயின் துண்டுகள் சறுக்கிக்கொண்டு வந்து திட்டுத்திட்டாக நின்றுவிட்டன, பிறகு நீர் சூழ்ந்தது. 1980-ல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் மலை இதே மாதிரி சரிந்தபோதுதான் எரிமலை அறிஞர்கள் பண்டாய் பற்றிய பழைய அறிக்கையைத் தூசி தட்டினார்கள். செகியா, கிகுச்சி என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் வெடிப்பு நடந்த கையோடு நேரில் வந்து பார்த்து எழுதியது அது.

ஏரியின் வடகோடியில் ஹிபாரா என்ற பழைய வழிப்போக்கர் ஊர் நீருக்கடியில் கிடக்கிறது. அதை மண் மூடவில்லை. ஏரி மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறி வந்து மூழ்கடித்தது. மக்களுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக நேரம் இருந்தது. நீர் வற்றும் பருவத்தில் அவ்வூர்க் கோயிலுக்குப் போன பாதை வெளியே தெரியும் என்கிறார்கள். நான் போனபோது ஏரி நிறைந்திருந்தது.

குளங்களுக்கு நிறம் தரும் நீர் புறப்படும் இடம் ஒன்று மேலே பள்ளத்துக்குள் இருக்கிறது. அதன் பெயரும் அகா குளம்தான், அங்கே நீரும் கரையும் உண்மையிலேயே சிவப்பு. பனிச்சறுக்கு மைதானத்தின் வழியாக ஒரு மணி நேர ஏற்றம். அடுத்த வாரம் அங்கே போவோம். நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

(தொடரும்)